கித்தான் விரிப்பும் வீட்டின் அளவும்

கித்தான் என்றதும் லொறிச் சாமான்களுக்கு மேலே போர்த்திக் கட்டும் தடித்த துணிதான் நமக்கு ஞாபகம் வரும். அதன் மேல் வர்ணம் பூசி, கோலம் வரைந்து, வார்னிஷ் அடித்து, வீட்டுக்குள் விரித்து நடக்கலாம் என்றால் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் பெரும் பகுதியிலும் இங்கிலாந்து, அமெரிக்க வீடுகளின் நடைக்கூடங்களில் கிடந்தது இந்த விரிப்புத்தான். கப்பற்பாய்க்குப் பயன்பட்ட அதே வகைத் துணியில், ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, நீண்ட நாட்கள் உலரவிட்டு விற்றார்கள். 1763இல் லண்டன் நைட்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த நேத்தன் ஸ்மித் என்பவர் இதற்கான செய்முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1847இல் ஸ்கொட்லாந்தின் கேர்கால்டி நகரில் மைக்கல் நேர்ன் என்ற கித்தான் உற்பத்தியாளர் இதற்கென்றே பெரியதொரு தொழிற்சாலையைக் கட்டியபோது, ஊரார் அதற்கு 'நேர்னின் மடமை' என்று பெயர் வைத்தார்கள். தொழிற்சாலையோ நன்றாகவே ஓடியது.

பிறகு பிரெட்ரிக் வோல்டன் என்பவர் வந்தார். வர்ணத் தகரத்தின் மேல் பாலாடை போலப் படியும் ஆளிவிதை எண்ணெய்த் தோலைக் கவனித்து, அதிலிருந்து ஒரு தரைவிரிப்பை உருவாக்கி 1863இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு லினோலியம் என்று பெயர். லத்தீனில் 'லீனும்' என்றால் ஆளிச்செடி, 'ஒலியும்' என்றால் எண்ணெய். இயந்திரத்தில் செய்த லினோலியத்தின் முன் கையால் பூசிய கித்தான் நிற்க முடியவில்லை.

இங்கே ஒரு சொல்லருகில் சற்று நிற்கலாம். அரபியில் 'கத்தான்' என்பது ஆளிச்செடியையும் அதன் நாரில் நெய்த துணியையும் குறிக்கும். நம் தமிழ்க் 'கித்தான்' அதற்கு உறவுச் சொல் என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. கடல்வழி வந்த சொற்கள் நம் பேச்சில் எத்தனையோ உண்டு. அந்தப் பழைய விரிப்புகளில் துணியும் ஆளி, வர்ணத்தைப் பிடித்து வைத்த எண்ணெயும் ஆளி. ஒரே செடி கீழேயும் மேலேயும்.

இப்போது கிடைக்கும் கித்தான் பெரும்பாலும் பருத்தி. வர்ணமும் நீரில் கரைவது. ஒரு பூச்சு உலர ஒன்றிரண்டு மணித்தியாலம் போதும். ஆகவே அன்று தொழிற்சாலையில் மாதக்கணக்கில் நடந்த வேலையை இன்று ஒரு மாணவி பாடசாலை விடுமுறையில் வீட்டு விறாந்தையிலேயே செய்து முடிக்கலாம். பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை; நல்ல கித்தானும் நல்ல வார்னிஷும் அவ்வளவு மலிவானவை அல்ல. கடையில் வாங்கும் விரிப்பு யாரோ ஒருவருடைய வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதன் அளவுக்கு நாம் நாற்காலியை நகர்த்துகிறோம். கையால் செய்யும் விரிப்பில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. வீடுதான் முதலில், விரிப்பு பிறகு. இந்தப் பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வீட்டைப் படித்தல்

தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு அறையைச் சுற்றி வாருங்கள். அறையின் நீளம் அகலத்தோடு நின்றுவிட வேண்டாம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எவ்வளவு தூரம் வருகிறது, கதவின் அடிக்கும் தரைக்கும் இடையே எத்தனை மில்லிமீற்றர் இடைவெளி? ஆட்கள் எந்த வழியாக நடக்கிறார்கள்? பழைய சிவப்புச் சீமெந்துத் தரை என்றால் இதைக் கேட்கவே தேவையில்லை. மெழுகின் பளபளப்பு தேய்ந்த இடமே வழியைக் காட்டிவிடும். மாபிள் பதித்த தரையில் அப்படித் தெரியாது. அங்கே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தரையின் நிறத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சிவப்புச் சீமெந்தின் மேல் சிவப்பு விரிப்புக் காணாமற் போய்விடும். சந்தன நிறம், கரும்பச்சை, கறுப்பு ஆகியவை எழுந்து நிற்கும். வெள்ளை மாபிளில் நேர்மாறு. வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. மாத்தளை நகரின் பழைய கடைத்தெரு வீடுகளைப் போல முன்னால் ஒடுங்கிப் பின்னால் நீண்டு போகும் வீடுகளில், நடு அறைக்குப் பகலிலும் மின்குமிழ் தேவை. அப்படிப்பட்ட அறையில் கருநீல விரிப்பு கிணறு போல இருக்கும். வெளிர் நிறத் தளமும் இருண்ட கரையும் அங்கே பொருந்தும்.

இனி மிக முக்கியமான கேள்வி: இந்த வீட்டில் யார் நடக்கிறார்கள்?

உம்மும்மா இருக்கும் வீடு என்றால் அவரை வைத்துத்தான் முதலில் யோசிக்க வேண்டும். வயதில் மங்கிய கண்ணுக்குத் தரையின் நடுவே உள்ள கறுப்புத் திட்டு ஒரு குழி போலத் தோன்றலாம். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரும் பட்டைகள் படிக்கட்டு என மயக்கலாம். காலை எடுத்து வைக்கத் தயங்கி, உடம்பை ஒருபக்கம் சாய்க்கும்போதுதான் விழுகிறார்கள். ஆகவே முதியவர் நடக்கும் அறையில் விரிப்பின் நடுப்பகுதி மிதமான ஒரே நிறத்தில் இருக்கட்டும். விளிம்பு எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். தரையின் நிறத்திலேயே விளிம்பு கரைந்து போனால் அதுவும் ஆபத்து. இளவயதில் தொடை எலும்பு முறிந்தால் தேறிவிடலாம். எழுபத்தைந்து வயதில் அது வேறு கதை. ஒரு கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் உம்மும்மாவை விழுத்தும் என்றால் அந்தக் கோலம் அந்த வீட்டுக்கு உரியதல்ல.

இதே காரணத்தால் கித்தானுக்கு ஒரு நன்மையும் உண்டு. முழுவதும் பூசி முடித்த விரிப்பின் தடிப்பு சில மில்லிமீற்றர்தான். மயிர் வைத்த கம்பளத்தில் தடுக்கும் கால் இதில் தடுக்காது, கதவும் உரசாது. தூசி உள்ளே போய்த் தங்க இடமில்லாததால், இழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கும் இது நல்லது. ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஆனால் குளியலறை வாசலிலும் குசினியில் தண்ணீர் சிந்தும் இடத்திலும் இதை விரிக்கவே கூடாது. வார்னிஷ் மேல் தண்ணீர் நின்றால் வழுக்கும்.

தொழும் இடத்துக்கு என்ன கோலம்?

ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று புஹாரியில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் வேலைப்பாடுள்ள ஒரு மேலாடையை அணிந்து தொழுதார்கள். தொழுகையில் அதன் வேலைப்பாட்டின் மீது அவர்களுடைய பார்வை ஒருமுறை சென்றது. தொழுது முடித்ததும், அந்த ஆடையை அபூஜஹ்மிடம் கொடுத்துவிட்டு அவரிடமுள்ள வேலைப்பாடற்ற ஆடையைக் கொண்டு வருமாறு சொன்னார்கள். தம் கவனத்தை அது திருப்பியதே காரணம்.

வடிவமைப்புப் படிக்கும் மாணவிக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆடையின் அழகை யாரும் குறை சொல்லவில்லை. அது இருக்க வேண்டிய இடம் வேறு, அவ்வளவுதான். கண்ணை இழுப்பது கோலத்தின் வேலை. விருந்தினர் வரும் அறையில் அது கண்ணை இழுக்கட்டும். ஸுஜூதில் நெற்றி படும் இடத்தில் இழுக்கக் கூடாது. வீட்டின் தொழும் மூலைக்கு விரிப்புச் செய்வதென்றால் ஒரே நிறத் தளமும், கிப்லாத் திசையைக் காட்டும் ஒரு மெல்லிய கோடும் போதும் என்பது என் கருத்து. கோட்டைச் சரியான கோணத்தில் போடுவதே அங்கே கலை.

அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு செய்தியும் ஞாபகம் வருகிறது. அவருடைய பாட்டி முலைக்கா (ரழி) நபி (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். உண்ட பின் தொழுகை நடத்த எழுந்தபோது, நீண்டநாள் பாவித்துக் கறுத்துப் போன ஒரு பாயை அனஸ் எடுத்து, அதில் தண்ணீர் தெளித்து விரித்தார். அதில் நின்றே நபியவர்கள் தொழுதார்கள். கறுத்த பாய்! பழையதை மறைக்கப் புதியது வாங்க வேண்டும் என்று துடிக்கும் நம் வீடுகளில் இந்தப் பாயை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

காலடியில் கிடக்கும் பொருளில் எதை வரையக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருமறை வசனம், அல்லாஹ்வின் திருநாமம், அரபு எழுத்தணி எதுவும் வேண்டாம். மிதிக்கப்படும் இடத்துக்கு அவை வரக் கூடாது. உயிருள்ளவற்றின் உருவம் பற்றி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அந்தச் சட்டத்தை ஒரு கைப்பணிக் கட்டுரையில் விளக்குவது முறையல்ல. கொடி, இலை, பூ, வட்டம், சதுரம், விண்மீன் ஆகியவற்றைக் கொண்டே முஸ்லிம் கைவினைஞர்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் உலகை வியக்க வைத்திருக்கிறார்கள். நமக்கும் அவை போதும்.

கோலத்தை எங்கிருந்து எடுப்பது?

பாரசீகக் கம்பளத்தை இணையத்தில் தேடி அப்படியே பிரதி பண்ணுவது எளிது. அதைச் செய்ய வேண்டாம் என்று சொல்வேன். ஆனால் அதன் எலும்புக்கூட்டைக் கட்டாயம் படியுங்கள். லண்டன் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையிலுள்ள அர்தபீல் கம்பளத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 10 மீற்றருக்கு மேல். ஹிஜ்ரி 946, அதாவது கி.பி. 1539-40 என்ற ஆண்டு அதிலேயே நெய்யப்பட்டிருக்கிறது. நடுவே பெரிய வட்டமான பதக்கம், அதைச் சுற்றி 16 சிறு பதக்கங்கள். நான்கு மூலைகளிலும் அந்த நடுப்பதக்கத்தின் கால்வாசித் துண்டு. சுற்றிவரப் பல அடுக்குக் கரை. மூலையில் தெரியும் கால்வாசித் துண்டு, இந்தக் கோலம் கரைக்கு அப்பாலும் தொடர்கிறது, நாம் அதில் ஒரு சதுரத்தை மட்டும் பார்க்கிறோம் என்ற எண்ணத்தைத் தருகிறது. வர்ணம் வெளிறாமல் இருப்பதற்காக அங்கே அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் மட்டுமே விளக்குப் போடுகிறார்கள். யன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் விரிப்பைப் போடாதீர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நடு, தளம், கரை. இந்த மூன்றும்தான் எலும்புக்கூடு. இதற்குச் சதையை நம் ஊரிலிருந்து எடுக்கலாம்.

மாத்தளை மாவட்டத்தின் ஹப்புவிட கிராமம் அரக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய ஆங்கில நூலில் இந்த வேலை விவரிக்கப்பட்டிருக்கிறது. அரக்கைச் சூட்டில் இளக்கி, நூல் போல இழுத்து, மரத்தின் மேல் வைத்து அழுத்தி, பெருவிரல் நகத்தால் வெட்டிக் கோலம் போடுவார்கள். தூரிகை கிடையாது, நகமே கருவி. அங்கே முக்கியமான நிறங்கள் நான்குதான்: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. அந்த நான்கில் கோல், பெட்டி, விசிறிக் காம்பு, கொடிக்கம்பம் என்று எத்தனை பொருள்கள்! வர்ணக்கடையில் நூறு நிற அட்டையைப் பார்த்து மலைத்து நிற்கும் மாணவிக்கு ஹப்புவிடவின் கட்டுப்பாடு நல்ல மருந்து. ஒரு விரிப்புக்கு நான்கு நிறத்துக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்று இன்னும் நல்லது.

அடுத்தது தும்பறைப் பாய். நக்கில்ஸ் மலைக்கு மறுபுறம், கண்டி மாவட்டத்துத் தும்பறைப் பகுதியில், மருள் செடியின் நாரை எடுத்துச் சாயம் ஏற்றித் தறியில் நெய்வது. சிவப்புக்குப் பதங்கி மரம், மஞ்சளுக்கு மரமஞ்சள் போன்ற இயற்கைச் சாயங்களைப் பாவித்து வந்தார்கள். அந்தப் பாயில் யானையும் பறவையும் பாம்பும் வரும். அவற்றை விட்டுவிட்டு, குறுக்கே ஓடும் பட்டைகளையும் பட்டைகளுக்குள் அடுக்கிய சாய்சதுரங்களையும் பாருங்கள். அகலப் பட்டை ஒன்று, ஒல்லிப் பட்டை இரண்டு, மீண்டும் அகலம் என்ற தாளம் கித்தானில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூசுவதற்கென்றே பிறந்தது போல இருக்கும்.

தம்புள்ளைக் குகைகளுக்குக் கல்விச் சுற்றுலா போகாத வகுப்பு நம் மாவட்டத்தில் அரிது. 1991இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த அந்த இடத்தில் ஏறக்குறைய 2,100 சதுர மீற்றர் பரப்பில் சுவரோவியங்கள் உள்ளன. அடுத்த முறை போகும்போது உருவங்களை விட்டு, கூரையில் திரும்பத் திரும்ப வரும் கோல வரிசைகளைக் கவனியுங்கள். பாறை சமதளமல்ல. அது எங்கே குழிகிறதோ அங்கே கோலமும் குழிந்து, எங்கே புடைக்கிறதோ அங்கே புடைத்து, துணியை மேலே கட்டி விட்டது போலத் தெரிகிறது. ஓவியன் பாறையைத் தன் கோலத்துக்கு வளைக்கவில்லை. வீட்டுக்கு ஏற்ற விரிப்பு என்று நாம் சொல்வதும் இதைத்தான்.

நம் சமூகப் பெண்களின் பாய்களை மறந்தால் குறையாகும். கிழக்கு மாகாணத்தில் பன்புல்லைச் சாயமிட்டுப் பாய் இழைக்கும் முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் தாமிரபரணிக் கரையின் கோரையைப் பட்டுப்போல் மெல்லியதாகக் கிழித்து நெய்கின்றன. அங்கே கலியாணப் பாயில் மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் நெய்து கொடுப்பது வழக்கம். ஒரு வீட்டுக்கென்றே செய்த விரிப்பு என்பது நமக்குப் புதிதல்ல என்பதற்கு இது சாட்சி. ஆனால் நம் பெயர்களில் பாதி அப்துல் ரஹ்மான், ஸைனுல் ஆப்தீன் போன்றவை. ரஹ்மான் என்ற நாமம் காலடிக்கு வரக் கூடாதல்லவா? ஆகவே பெயரை விட்டு, நாளை மட்டும் ஒரு மூலையில் எழுதுங்கள்.

கணக்கு இல்லாமல் கோலம் இல்லை

6 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு விரிப்பு என்று வைப்போம். அங்குலத்தில் 72, 48. முதலில் மனத்தில் தோன்றுவது 6 அங்குலக் கரை. அதைக் கழித்தால் உள்ளே 60, 36. அதை 6 அங்குலச் சதுரங்களாகப் பிரித்தால் 10க்கு 6. இரண்டும் இரட்டை எண். நடுச் சதுரம் என்று ஒன்றே கிடையாது. நடுவில் பூவை வைக்கப் போனால் அது கோட்டின் மேல் உட்காரும். இப்போது கரையை 9 அங்குலமாக்கிப் பாருங்கள். உள்ளே 54, 30. அதே 6 அங்குலச் சதுரம் 9க்கு 5. இரண்டும் ஒற்றை எண். நடுவில் ஒரு சதுரம் தானாகவே வந்து நிற்கிறது.

கரையிலும் இதே கணக்குத்தான். நான்கு மூலைக்கும் 9 அங்குலச் சதுரம் ஒதுக்கினால், மூலைகளுக்கு இடையே நீளப் பக்கம் 54, அகலப் பக்கம் 30. ஒரே பூ இரண்டு பக்கமும் முறியாமல் முழுதாக வர வேண்டும் என்றால் அதன் அகலம் 54ஐயும் 30ஐயும் மீதியின்றி வகுக்க வேண்டும். பொதுக் காரணிகளுட் பெரியது என்று கணித வகுப்பில் படித்தது இதற்குத்தான்: விடை 6. நீளத்தில் 9 பூ, அகலத்தில் 5 பூ. எந்தப் பூவையும் பாதியில் வெட்ட வேண்டியதில்லை. பொதுக் காரணியால் என்ன பயன் என்று கேட்கும் மகளுக்குப் பெற்றோர் இந்த விரிப்பைக் காட்டலாம்.

நடுவில் எட்டு முனை விண்மீன் வேண்டுமா? நடுச் சதுரத்தையும் சுற்றியுள்ள எட்டுச் சதுரங்களையும் சேர்த்தால் 18 அங்குலச் சதுரம் கிடைக்கும். அதன் நடுப்புள்ளியில் ஆணிக்குப் பதில் ஒருவர் பென்சிலைப் பிடிக்க, 9 அங்குல நூலால் வட்டம் வரையுங்கள். ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரு விட்டங்கள் போட்டு, வட்டத்தைத் தொடும் நான்கு புள்ளிகளை இணைத்தால் ஒரு சதுரம். அந்தக் கோணங்களை இருசமக் கூறிட்டு மேலும் இரு விட்டங்கள் போட்டு இணைத்தால் இன்னொரு சதுரம். இரண்டு சதுரமும் சேர்ந்ததே அந்த விண்மீன். அளவுகோலும் கவராயமும் தவிர வேறு கருவி வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் முதலில் சதுரக் கோட்டுக் கடதாசியில், ஒரு கட்டத்துக்கு 3 அங்குலம் என்ற அளவுத்திட்டத்தில் வரைந்து நிறம் தீட்டுங்கள். பிறகு பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி உண்மையான அளவில் தரையில் விரித்து இரண்டு நாள் அதன் மேல் நடந்து பாருங்கள். பெரும்பாலும் நினைத்ததைவிடச் சிறியதாகத் தெரியும். கித்தான் வாங்குவது அதற்குப் பிறகுதான்.

செய்முறை

மடித்து வைத்த கித்தானை வாங்காதீர்கள். சுருளிலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். மடிப்பு விழுந்தால் சூடாக ஸ்திரிக்கை போட்டாலும் சுவடு தெரியும். ஓரம் மடிக்கவும் சுருக்கத்துக்கும் பக்கத்துக்கு 3 அங்குலம் கூட்டி, 78க்கு 54 அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டதும் பருத்தி சுருங்கும். ஆகவே சரியான அளவுக்கு முதலிலேயே வெட்டினால் கணக்கு முழுதும் போய்விடும்.

மேற்புறம் இரண்டு அல்லது மூன்று முறை வெள்ளை அடிப்பூச்சு, கீழ்ப்புறம் ஒரு முறை. கீழ்ப்புறத்தை விட்டுவிட்டால் ஓரங்கள் சுருண்டு மேலெழும். பூச்சுக்கு இடையில் மெல்லிய சாண்ட்பேப்பரால் தேய்க்க வேண்டும். உலர்ந்த பின் 76க்கு 52 அளவுக்குச் சரிபார்த்து வெட்டுங்கள். மூலை செங்கோணமா என்று பார்க்க 3, 4, 5 அடி முக்கோணத்தைப் போடலாம். ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் கீழே மடித்து, மூலைகளைச் சாய்வாக வெட்டி, சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கும் பசையால் ஒட்டி, ரொட்டி உருட்டும் கட்டையால் அழுத்துங்கள். மடித்த பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய 86½ அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் விரிப்புக் கோணலாகிவிட்டது என்று அர்த்தம். பசை இறுகுவதற்குள் இழுத்துச் சரிசெய்யுங்கள்.

தளத்தின் நிறம் இரண்டு பூச்சு. 24 சதுர அடி என்பது ஏறக்குறைய 2.2 சதுர மீற்றர். அரை லீற்றர் வர்ணம் தாராளம். சுவருக்குப் பூசி மீந்த எமல்ஷன் இருந்தால் அதுவே நல்லது. அறையின் நிறம் விரிப்பில் தானாகவே வந்துவிடும்.

நேர்கோட்டுக்கு மாஸ்கிங் டேப். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டேப் ஒட்டியதும் நேராகப் புதிய நிறத்தைப் பூசினால் அது டேப்பின் அடியில் கசிந்து கோடு பல்லுப் பல்லாகிவிடும். முதலில் டேப்பின் ஓரத்தில் தளத்தின் நிறத்தையே ஒருமுறை பூசுங்கள். கசிவதாக இருந்தால் அந்த நிறம் கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். அது உலர்ந்த பின் புதிய நிறம். அது முற்றாகக் காயுமுன் டேப்பை மெல்ல உரியுங்கள். கரையின் பூவுக்கு ஸ்டென்சில் வெட்டப் பழைய எக்ஸ்ரே படலத்தைப் போன்ற பொருள் வேறில்லை. தண்ணீரில் ஊறாது, விளிம்பு கிழியாது, வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் உள்ள கோடும் தெரியும். ஸ்பொஞ்சில் வர்ணத்தைத் தொட்டு, கடதாசியில் ஒற்றி எடுத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் குத்திக் குத்திப் பூச வேண்டும்.

கோலம் முடிந்ததும் குறைந்தது ஒரு நாள் விட்டு, நீரில் கரையும் பொலியூரித்தேன் வார்னிஷ் நான்கு பூச்சு. எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும். வெள்ளைத் தளத்தைக் கெடுத்துவிடும். அதிகம் பளபளக்காத வகையை வாங்குங்கள், வழுக்கலும் குறையும். கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு வாரத்துக்கு யாரும் மிதிக்கக் கூடாது. கையால் தொட்டால் உலர்ந்தது போலத்தான் இருக்கும், நம்ப வேண்டாம். நம் பகுதியில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் ஈரமுமாக இருப்பதால் அந்த மாதங்களில் வேலையைத் தொடங்காதீர்கள். ஓகஸ்ட் விடுமுறை வசதியானது. பெப்ரவரி, மார்ச் இன்னும் நல்லது.

விரிக்கும்போது அடியில் வழுக்காத ரப்பர் வலை கட்டாயம் வேண்டும். மாபிள் தரையில் அது இல்லாமல் விரிப்பது, மேலே சொன்ன உம்மும்மாவைப் பற்றிய யோசனை அனைத்தையும் வீணாக்கும். வீடு மாறும்போது மடிக்காமல், வர்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வர்ணம் நசுங்கி வெடிக்கும். வார்னிஷ் தேய்ந்தது போலத் தெரிந்தால் துடைத்து, இலேசாகத் தேய்த்து, மேலே ஒரு பூச்சு.

முதல் நாள் விரிக்குமுன் இன்னொரு சின்ன வேலை. விரிப்பின் கீழ்ப்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்: எந்த வர்ணம், தகரத்திலிருந்த இலக்கம் என்ன, எந்த வார்னிஷ், கரை 9 அங்குலம், சதுரம் 6 அங்குலம், செய்த திகதி. பத்து ஆண்டுக்குப் பிறகு மூலை ஒன்று தேய்ந்து, அதைத் திருத்த வருபவர் உங்கள் மகளாகவும் இருக்கலாம். அவருக்கு அந்த இலக்கம் தேவைப்படும்.